விடிய விடிய ஆடுவது ஏன்?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் பகுதிக் குடும்பங்கள் பல ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் புறப்பட்டுவிடுகின்றன. ஏலகிரியில் புங்கனூர் ஏரி. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அருகே கோமுட்டேரி. இரண்டிலும் படகுச் சவாரி உண்டு. பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு, பலாப்பழமும் மலைத்தேனும் சாமை அரிசியும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கும் பேருந்தைப் பிடிப்பதே பலருடைய வழக்கம். "இருட்டிய பிறகு அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிநாடுகளில் ஏரிக்கரை ஊர்கள் சில, இரவுக் கலைக்கென்றே பெயர் பெற்றவை. ஆஸ்திரியா நாட்டில் கான்ஸ்டன்ஸ் ஏரியின் கரையில் பிரெகென்ஸ் என்னும் நகரம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், அங்கே இரண்டு தோணிகளை மேடையாக்கி மோட்சார்ட்டின் இசை நாடகம் ஒன்றை நடத்தினார்கள். இன்றும் ஒவ்வொரு கோடையிலும் நீரின்மேல் அமைத்த மேடையில் இசை நாடகம் நடைபெறுகிறது. மக்கள் கரையில் அமர்ந்து பார்க்கின்றனர். நம் கோமுட்டேரியில் அப்படிப்பட்ட மேடை எதுவும் இல்லை. ஆனால் இம்மலையைச் சுற்றியுள்ள போளூர், செங்கம், ஆரணி, செய்யாறு பக்கத்து ஊர்களில் பிரெகென்ஸ் விழாவைவிடப் பன்மடங்கு பழைமையான இரவு நாடகம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதுதான் தெருக்கூத்து. பிரெகென்ஸில் நாடகம் முடிந்து மக்கள் வீடு திரும்பிப் படுக்கும் நேரத்திற்கு, இங்கே கூத்து அப்போதுதான் சூடு பிடிக்கும்.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது. ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். இவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ்; மலையில் வாழ்வோர் என்பதால் வந்த பெயர் அது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. காஞ்சிபுரத்திற்கும் இந்த மலைக்கும் இடைப்பட்ட நாடுதான் கூத்தின் தாய்வீடு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாய்வீட்டில் புகழ்பெற்ற ஊர் புரிசை. திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றுப் பக்கம் உள்ள சிற்றூர். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வரும் தம்பிரான் குடும்பத்தார் அங்கே வாழ்கின்றனர். அக்குடும்பத்தில் வந்த கண்ணப்பத் தம்பிரான், கூத்து என்றால் படியாதவர்களின் பொழுதுபோக்கு என்று நகரத்தார் எண்ணியிருந்த காலத்தில், சென்னை நாடகக்காரர்களையே தம்மிடம் பாடம் கேட்க வைத்தவர். 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய எழுத்தாளர் ந. முத்துசாமி அவருடைய ஆட்டத்தைக் கண்டு வியந்து அதைப் பற்றி நிறைய எழுதினார். கண்ணப்பத் தம்பிரானின் மகன் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இனி நம் கேள்விக்கு வருவோம். கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை வரை நடப்பது ஏன்? சினிமாவைப் போல இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடக் கூடாதா? வயலில் பகலெல்லாம் உழைப்பவர்களுக்கு இரவில்தான் ஓய்வு என்பது எல்லோரும் சொல்லும் காரணம். பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தே வந்தவர்கள் நள்ளிரவில் திரும்ப முடியாது என்பது மற்றொன்று. இவை உண்மைதான். ஆனால் கூத்தைக் கூர்ந்து பார்த்தால், அதன் குரல், உடை, கதை அனைத்துமே இரவுக்கென்று செய்யப்பட்டவை என்பது விளங்கும்.

குரலை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்துக்காரர்கள் உச்ச ஸ்தாயியில் பாடுகிறார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு அது கத்துவதுபோல் தோன்றும். பாடுபவரோடு மிருதங்கமும் கைத்தாளமும் ஆர்மோனியமும் முகவீணையும் ஒலிக்கின்றன. முகவீணை என்றதும் நரம்புக் கருவி என்று நினைக்க வேண்டாம். அது நாகசுரத்தின் சின்னத் தங்கை போன்ற ஊதுகுழல், கீச்சென்ற கூர்மையான ஓசை உடையது. மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேர் கூடிய திடலின் கடைசி வரிசைக்கும் இந்த ஓசை எட்ட வேண்டியிருந்தது. அதற்கு இரவு துணை செய்தது. பகலில் தரை சூடாக இருக்கும்போது, தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிட வெப்பமாக இருப்பதால் ஒலி அலைகள் மேல்நோக்கி வளைந்து போய்விடுகின்றன. இரவில் தரை குளிர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே அதைவிட வெப்பமான காற்று. ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் செல்கிறது. தொலைவில் ஓடும் ரயிலின் ஊதல் பகலில் கேட்காமல் இரவில் மட்டும் கேட்பதற்கும் இதுவே காரணம். இயற்பியல் படிக்கும் மாணவியர் இதை ஒலி விலகல் என்பார்கள். கூத்து வாத்தியார்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் பயன் தெரிந்திருந்தது.

உடையும் அப்படித்தான். அரச வேடம் கட்டுபவர் தலையில் பெரிய கிரீடம், தோள்களில் புஜக்கட்டைகள், மார்பில் பதக்கம் அணிகிறார். இவை மரத்தால் ஆனவை. விடிய விடியச் சுமந்துகொண்டு சுழன்றாட வேண்டுமென்பதால் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தைத் தேர்ந்தெடுத்துச் செதுக்கி, மேலே பளபளக்கும் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டுகிறார்கள். மரக்கட்டைகளை அணிந்து ஆடுவதால் இக்கலைக்குக் கட்டைக்கூத்து என்றே பெயர் சொல்வோரும் உண்டு. எது சரியான பெயர் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. நமக்கு அந்த வழக்கு வேண்டாம். அக்காலத்தில் தீவட்டி வெளிச்சத்திலும் பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் ஆடினார்கள். தீவட்டியின் சுடர் அசைய அசைய அந்தக் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றும் மின்னும். முகத்தில் பூசிய அரிதாரமும் அந்த மஞ்சள் ஒளிக்காகத் தீட்டப்பட்டது. அதே கிரீடத்தைப் பகல் வெயிலில் வைத்துப் பாருங்கள், ஜிகினாக் காகிதம் ஒட்டிய மரக்கட்டையாகத்தான் தெரியும்.

வேடக்காரர் அரங்கில் நுழைவதே ஒரு தனி அழகு. இரண்டு பேர் ஒரு துணித் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னே நின்று வேடக்காரர் விருத்தம் பாடித் தம்மை அறிவிப்பார். முதலில் கிரீடத்தின் உச்சி தெரியும். பிறகு சலங்கை ஒலி மட்டும் கேட்கும். திரை சற்றுத் தாழும், மீண்டும் உயரும். இப்படிக் காட்டியும் மறைத்தும் நம்மை ஏங்க வைத்த பிறகே துரியோதனன் வெளிவருவான். வந்தவுடன் அவனை மதிப்போடு வரவேற்க வேண்டியவன் கட்டியக்காரன். ஆனால் அவனோ, "யாரப்பா நீ? எந்த ஊரு? பஸ்ஸிலே வந்தாயா?" என்கிற தோரணையில் குறுக்கே கேள்வி கேட்டு அரசனின் மிடுக்கைக் குலைத்துவிடுவான். அரசன் செந்தமிழில் பேச, இவன் ஊர்ப் பேச்சில் பதில் சொல்வான். விலைவாசி, ரேஷன் கடை, ஊர்த் தலைவரின் கஞ்சத்தனம் எல்லாம் பாரதக் கதைக்குள் வந்துவிடும். பெரிய மனிதர்களை முகத்துக்கு நேரே கேலி செய்யும் உரிமை அந்த ஓர் இரவு கட்டியக்காரனுக்குக் கொடுக்கப்படுகிறது; அதிகாலையில் பறிக்கப்படுகிறது.

கதைக்கும் விடியலுக்கும் உள்ள உறவுதான் மிக முக்கியமானது. அதற்குக் 'கர்ண மோட்சம்' என்னும் கூத்தைச் சான்றாகக் காட்டலாம். இந்தக் கூத்தைத் திருவிழாவில் மட்டுமன்றி, இறந்தவர்களுக்கான கருமாதிச் சடங்கின்போதும் வடதமிழ்நாட்டில் ஆடுகிறார்கள். பாரதப் போரின் பதினேழாம் நாள். கர்ணன் போருக்குப் புறப்படுகிறான். முன்னிரவெல்லாம் அவனுக்கும் மனைவி பொன்னுருவிக்கும் வாக்குவாதம். குலம் தெரியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று இதுவரை அவனை இகழ்ந்தே வந்தவள் அவள். அவன் யாரென்ற உண்மை தெரிந்தபின் போகாதே என்று தடுக்கிறாள். இந்தப் பகுதி மிக நீளம். ஒரே கருத்தைப் பாட்டாகவும் வசனமாகவும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இங்கேதான் புதியவர்கள் பொறுமை இழந்து எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் ஊர்ப் பெண்கள் எழுவதில்லை. விடைபெற முடியாமல் விடைபெறுகிற ஒரு குடும்பத்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்மையில் ஒருவரை இழந்த வீட்டின் வாசலில் அது நடக்கும்போது, அது நீளமாகத்தானே இருக்க முடியும்?

பிறகு போர். தேர் மண்ணில் புதைகிறது. அம்புபட்டு வீழ்ந்த கர்ணனிடம் கண்ணன் அந்தணனாக வந்து அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்க, அதையும் கொடுத்துவிடுகிறான். குந்தி ஓடி வந்து, உலகறிய முதன்முறையாக, மகனே என்று மடியில் ஏந்திக்கொள்கிறாள். இந்தக் காட்சி வரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். இருட்டில் பிரகாசித்த கிரீடமும் அரிதாரமும் வெளிச்சத்தில் மங்கி, வேர்வை வழியும் களைத்த மனித முகம் தெரியும். கர்ணன் உயிர் பிரிவதும் இரவு பிரிவதும் ஒன்றாகவே நிகழும். இதை மாலை ஏழு மணிக்கு மின்விளக்கு மேடையில் எப்படி நிகழ்த்திக் காட்டுவது? நவம்பர் மாதம் முழுவதும் இறந்த விசுவாசிகளுக்காக மன்றாடும் வழக்கமுள்ள நமக்கு, போனவர் நல்ல கதி அடைய வேண்டுமென்று இருப்பவர்கள் ஓர் இரவு கண்விழிப்பது புரியாத செய்தியன்று.

திரௌபதி அம்மன் கோவில் விழாக்களில் கூத்து பல இரவுகள் தொடர்ந்து நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் அதே கதை கூத்தாக. அர்ச்சுனன் தபசின்போது வேடக்காரர் மிக உயரமான கம்பத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். கடைசி நாள் பகலில் திடலில் களிமண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் கிடக்கும். படுகளம் முடிந்து மாலையில் தீமிதி. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிப் பகுதியில் இவ்விழாக்களை ஊர் ஊராகச் சென்று கண்டு, 1988-இல் பெரிய ஆய்வு நூலை வெளியிட்டார்.

கத்தோலிக்கப் பள்ளியின் மலரில் பாரதக் கூத்துக்கு இத்தனை பக்கமா என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். கூத்து எந்த ஒரு சமயத்தாருக்கும் மட்டும் உரியதாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் வரலாறுகளை நாட்டுக்கூத்தாக விடிய விடிய ஆடினார்கள்; 'எஸ்தாக்கியார்', 'எண்டிறீக்கு எம்பரதோர்' ஆகியவை அங்கே புகழ்பெற்றவை. மன்னாரில் இதற்கு 'வாசாப்பு' என்று தனி வடிவமே உண்டு. 1965-இல் அருட்தந்தை மரியசேவியர் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இந்த மரபிலிருந்தும் பலவற்றை எடுத்துக்கொண்டு திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றியது. தமிழ்நாட்டிலும் தவக்காலத்தில் பல பங்குகளில் பாஸ்கு நாடகம் இரவில் நடப்பதை நாம் அறிவோம்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூத்தில் திரௌபதியும் குந்தியும் பொன்னுருவியும் ஆண்களே. பெண்ணின் துயரத்தை இவ்வளவு பாடும் ஒரு கலையில் பெண் ஒருத்தி அரிதாரம் பூச வழியில்லாமல் இருந்தது நீண்ட காலத்துக் குறை. இரவு முழுதும் ஊர் ஊராகச் செல்லும் தொழில், மானம் மரியாதை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. காஞ்சிபுரம் அருகே 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இதை மாற்ற முயன்றது. அதன் குருகுலத்தில் சிறுமியரும் சிறுவரும் ஒன்றாகப் பள்ளிப் பாடமும் படித்தனர், கூத்தும் பயின்றனர். அந்தக் குருகுலம் இப்போது இல்லை. ஆனால் அங்கே பயின்ற பெண்கள் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து அரச வேடத்திலேயே ஆடிக் காட்டினார்கள். கட்டைகளின் பாரம் பெண்களுக்கு ஆகாது என்ற பேச்சுக்கு அதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

இப்போது கூத்துக்கு வந்துள்ள சங்கடம் இரவைப் பற்றியதே. ஒலிபெருக்கி வந்தபின் கூத்துக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் சிலவற்றுக்கு அரசு விலக்கு அளிக்கலாம். அதுவும் நள்ளிரவு பன்னிரண்டு வரையில்தான். கூத்து தொடங்கும் நேரமோ பத்து! நோயாளிகளையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தால் விதியைக் குறை சொல்ல முடியாது. மைக்கைக் கழற்றிவிட்டு ஆடுவதே நல்லது என்பது என் எண்ணம். விதி தடுப்பது ஒலிபெருக்கியைத்தான், கூத்தையன்று. இந்தக் குரல்கள் மைக் இல்லாமல் வளர்ந்தவை. முகவீணைக்கு மைக் வைப்பதோ, சொல்லப்போனால், காதுக்குத் தண்டனை. ஆனால் பழைய அமைதியும் வேண்டுமல்லவா? பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தால் எந்தக் குரலும் எடுபடாது.

அந்த அமைதியும் இருட்டும் இம்மலையில் இருக்கின்றன என்பதற்கு விஞ்ஞானிகளே சாட்சி. வானியல் அறிஞர் வைணு பாப்பு, விண்மீன்களை ஆராய இடம் தேடியபோது, ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான அறிகுறிகளைக் கண்டு பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் அங்கே திறந்து வைக்கப்பட்டது. இன்று அதற்கும் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரே வழங்குகிறது. விடுதிகளும் வண்ண விளக்குகளும் பெருகினால் மங்கலான விண்மீன்கள் முதலில் மறையும். தீவட்டி ஒளியில் மின்னிய கண்ணாடித் துண்டுகள் டியூப்லைட் வெளிச்சத்தில் மறைந்ததுபோலத்தான் அதுவும்.

ஜமுனாமரத்தூரிலும் ஏலகிரியிலும் அரசு கோடை விழா நடத்துகிறது. அங்கே கலை நிகழ்ச்சிகளுக்கு இடம் உண்டு. இப்படிப்பட்ட மேடைகளில் கூத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. கலைஞர்களுக்குச் சன்மானம் கிடைக்கிறது, கூத்தையே பார்த்திராதவர்கள் பார்க்கிறார்கள்; அதனால் வேண்டாமென்று சொல்வதற்கில்லை. ஆனால் அதில் கிறிக்கி சுழல்வதும் கட்டியக்காரனின் இரண்டு நகைச்சுவையும் மட்டுமே இடம் பெறும். பொன்னுருவியின் அழுகைக்கு நேரம் இராது. நம் ஆண்டு விழாவில் ஐந்து நிமிடக் 'கூத்து' ஆடும் நாமும் இதில் சேர்த்திதான்! கண்ணப்பத் தம்பிரான் பெர்டோல்ட் பிரெக்டின் நாடகத்தையே 'வெள்ளை வட்டம்' என்று கூத்தாக்கிக் காட்டியவர். புதுமைக்குக் கூத்து அஞ்சியதில்லை. நேரத்தைக் குறைப்பதால் வரும் இழப்பு வேறு வகையானது. ஊரே ஒன்றாகக் கண்விழித்து, குளிரில் ஒரே போர்வைக்குள் ஒடுங்கி, தூங்கி விழுந்து, சண்டைக் காட்சியில் பாட்டி தட்டி எழுப்ப மீண்டும் விழித்து, அனைவரும் சேர்ந்து விடியலைக் காண்பது அரை மணிக் கூத்தில் இல்லை.

மாணவியர் பார்க்க விரும்பினால் மாசி மாதம் தொடங்கி ஆனி, ஆடி வரை கூத்துக் காலம். அறுவடை முடிந்த ஊர்களில், குறிப்பாகத் திரௌபதி அம்மன் கோவில் உள்ள இடங்களில், எந்த இரவு எந்தக் கூத்து என்று நோட்டீஸ் அச்சிட்டு ஒட்டுவார்கள். வீட்டுப் பெரியவர்களோடுதான் போக வேண்டும் என்பதை அருட்சகோதரிகள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டு மணிக்கே போய்ப் பயனில்லை. களரி கட்டும் மத்தள ஓசை கேட்டபின் புறப்பட்டால் போதும். ஒரு பாயும் ஆளுக்கொரு போர்வையும் வேண்டும். மலைக்காற்று பங்குனியிலும் பின்னிரவில் குளிரும். கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால் பாட்டுகள் புரியும். தம்பி தங்கையர் தூங்கினால் தூங்கட்டும். தேர் புதையும்போது எழுப்பினால் போதும். அதற்கு நாலு மணிக்கு மேல் ஆகும்.